பட்டத்தில் அச்சாகும் பெயர்: சிவிலா, சுற்றுச்சூழலா? ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் சிவில் பொறியியல் டிப்ளோமா முடித்துவிட்டு, கால்வாய் அகலப்படுத்தும் பணியிடத்தில் ஈராண்டு ஆர்டிஓவாக (பணியிடத் தொழில்நுட்ப அலுவலராக) வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பற்றியது இந்த ஆய்வு. அமெரிக்காவில் நடுத்தர அளவுள்ள ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததில் தொடங்கி, படித்து முடித்து ஊர் திரும்பி வேலையில் அமர்ந்தது வரை இதில் வருகிறது. மாணவி, குடும்பம், பல்கலைக்கழகம் ஆகியோரின் பெயர்கள் விடப்பட்டுள்ளன.

அப்பா கப்பல் பட்டறையில் தொழில்நுட்பர். அம்மா பாலர் பள்ளி ஆசிரியை. யீஷூனில் நாலறை வீடு. உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் அவர் கேட்ட துறை கிடைக்கவில்லை. சைட்டில் இருந்த ஈராண்டில் மண் சரியாமல் தடுக்கும் ஷீட் பைல் இறக்குவதையும், கான்கிரீட் வலிமையைச் சோதிக்கக் கியூப் எடுத்து 28 நாள் கழித்து உடைப்பதையும், மழை வந்தால் பம்பு ஓடாமல் குழி நிரம்புவதையும் பார்த்தவர். தண்ணீர் சார்ந்த பொறியியலைத்தான் படிக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அப்பாவின் கவலை வேறு. வரைபடத்தில் சின்ன மாற்றம் என்றாலும் பி.இ. கையெழுத்து வரும்வரை வேலை நிற்கிறது என்று மகள் சொல்லக் கேட்டவர் அவர். "படிச்சு வந்து நீயும் இன்னொருத்தர் கையெழுத்துக்குத்தான் நிக்கணும்னா, எதுக்கும்மா இவ்வளவு செலவு?" இதுதான் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். திருச்சியில் இருக்கும் மாமாவுக்குப் பி.இ. என்றால் நாலு வருடப் பட்டம். சிங்கப்பூரில் பி.இ. என்பது பட்டம் அன்று. நிபுணத்துவப் பொறியாளர் வாரியத்தில் பதிவு பெற்றவர் என்று பொருள். முதலில் ஏற்கத்தக்க பட்டம், பிறகு அடிப்படைத் தேர்வு, குறைந்தது 4 ஆண்டு நடைமுறை அனுபவம், தொழில்நடைமுறைத் தேர்வு ஆகியவற்றைத் தாண்டித்தான் அது வரும். தொலைபேசியில் இரு வீட்டாரும் பல வாரம் வெவ்வேறு பி.இ.யைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் என்றால் என்ன மாறுகிறது

குடும்பம் இந்து. "சாமி கும்பிடச் சொல்வார்களா" என்ற கேள்வி பாட்டியிடமிருந்து வந்தது. ஒரே மாலையில் தீர்ந்தும் போனது. அம்மா படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில். வழிபாட்டுக்குக் கட்டாயம் இல்லை, பாடத்திட்டத்தில்தான் கட்டாயம் உண்டு. இந்தப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவரும் இறையியலில் 2 பாடம், மெய்யியலில் 2 பாடம், ஆக 12 கிரெடிட் (பாட அளவைக் கணக்கிடும் அலகு) எடுத்தாக வேண்டும். அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதே மாதிரிதான். விருப்பப்பாடத்துக்கு இருக்கும் இடத்தை இது சுருக்கும் என்பதுதான் பொறியியல் மாணவர் கணக்கில் எடுக்க வேண்டிய விஷயம்.

மதம் சார்ந்த நிறுவனம் என்பதால் பொறியியல் இரண்டாம் தரமாக இருக்குமோ என்ற ஐயம் மாமாவுக்கு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இண்டியானாவில் 1842இல் தொடங்கிய நோத்ர டாம் பல்கலைக்கழகம் 1873இலேயே பொறியியல் கற்பிக்கத் தொடங்கியது. வில்லனோவா பல்கலைக்கழக வளாகத்தில் 2001இல் சாலை நடுத்திட்டு ஒன்றை மழைநீர் உறிஞ்சும் படுகையாக மாற்றி ஆண்டுக்கணக்கில் அளந்துவருகிறார்கள். ஆறு காற்றிலிருந்து ஆக்சிஜனை எவ்வளவு வேகத்தில் வாங்கிக்கொள்ளும் என்று கணிக்க உலகெங்கும் பயன்படும் ஓ'கானர்–டாபின்ஸ் சமன்பாட்டின் ஓ'கானர், நியூயார்க்கின் மன்ஹாட்டன் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். அந்தக் கல்லூரி 1853இல் லசால் சகோதரர்கள் என்ற கத்தோலிக்கக் கல்விச் சபையார் தொடங்கியது. அதே சபையார் 1852இல் சிங்கப்பூரில் தொடங்கியதுதான் செயின்ட் ஜோசப்ஸ் கல்வி நிலையம்.

பெயர்க் குழப்பம் பற்றியும் ஒரு வார்த்தை. நோத்ர டாம் என்ற பெயரில் ஆஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டிலில் 1989இல் தொடங்கிய வேறொரு பல்கலைக்கழகமும் உண்டு. செயின்ட் தாமஸ் என்று மினசோட்டாவில் ஒன்று, ஹூஸ்டனில் ஒன்று. முகவர் ஒருவர் கொடுத்த பட்டியலில் இப்படி இரண்டு பெயர்கள் ஒன்றாகக் கலந்திருந்தன. ஊர், மாநிலம் இரண்டையும் சேர்த்து எழுதாத பட்டியலை நம்பக் கூடாது.

கவனித்தவை

வந்த அழைப்புக் கடிதம் சுற்றுச்சூழல் பொறியியலுக்கு. மாணவி கேட்டதும் அதுவே. பணம் கட்டுவதற்கு முன் குடும்பம் மூன்று தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது: பல்கலைக்கழகத்தின் அந்த ஆண்டுப் பாடத்திட்டக் கையேடு, பொறியியல் பட்டங்களை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் அமெரிக்க அமைப்பான ஏபெட் வெளியிடும் அங்கீகாரப் பட்டியல், சிங்கப்பூர் வாரியத்தின் பதிவு விதிகள். மூன்றும் பொதுவில் கிடைப்பவை.

ஏபெட் அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்குக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு பட்டத்துக்கும் தனித்தனியாகக் கிடைக்கிறது. அதிலும் பொறியியல் சார்ந்த பட்டங்களுக்குப் பொறியியல் ஆணையம், பொறியியல் தொழில்நுட்ப ஆணையம் என்று இரண்டு உண்டு. ஒரு நாட்டில் அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்க வழிசெய்யும் வாஷிங்டன் ஒப்பந்தம் முன்னதன் கீழ் வரும் பட்டங்களுக்குத்தான் பொருந்தும். 1989இல் ஆறு நாட்டு அமைப்புகள் செய்துகொண்ட அந்த ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் 2006இல் முழு உறுப்பினரானது. பட்டத்தின் பெயரில் 'தொழில்நுட்பம்' என்ற சொல் இருந்தால் எந்த ஆணையம் என்று பார்க்காமல் நகரக் கூடாது.

இந்தப் பல்கலைக்கழகத்தின் சிவில் பட்டம் பொறியியல் ஆணையத்தின் பட்டியலில் பல பத்தாண்டுகளாக இருந்தது. சுற்றுச்சூழல் பட்டம் பட்டியலிலேயே இல்லை. ஏமாற்று எதுவும் இல்லை. அது புதிதாகத் தொடங்கிய பிரிவு. ஒருவராவது படித்து முடித்து வெளியேறிய பிறகே ஏபெட் ஒரு பட்டத்தை நேரில் வந்து மதிப்பிடும். கையேட்டில் 'அங்கீகாரம் கோரவுள்ளோம்' என்று ஒரு வரி இருந்தது; அதைப் படிக்காமல் தாண்டிவிடுவது எளிது.

இரண்டாவது, இதைவிடப் பெரியது. சிங்கப்பூரில் பி.இ. பதிவு சிவில், மின், இயந்திர, வேதிப் பொறியியல் ஆகிய பிரிவுகளில்தான். சுற்றுச்சூழல் என்று தனிப் பிரிவு இல்லை. அங்கீகாரம் முழுமையாக இருந்தாலும் சுற்றுச்சூழல் பட்டதாரி எந்தப் பிரிவின் கதவைத் தட்டுவது என்ற கேள்வி அப்படியே நிற்கும். எஃகு, கான்கிரீட், மண்ணியல் படிக்காதவர் சிவில் பிரிவு அடிப்படைத் தேர்வில் பாதி வினாத்தாளுக்கு முன் சும்மா உட்கார்ந்திருக்க நேரும்.

எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழிகள் மேசையில் இருந்தன. அழைப்பில் உள்ளபடி சுற்றுச்சூழல். சிவில் பட்டத்துக்குள் தண்ணீர் சார்ந்த விருப்பப்பாடங்கள். இரண்டையும் சேர்த்து இரட்டைப் பட்டம். இரட்டைப் பட்டம் முதலில் கழன்றது. இரண்டு பருவம் கூடும், அதற்கு உதவித்தொகை கிடையாது.

சுற்றுச்சூழல் பட்டத்தில் கட்டாயமாக இருந்தவற்றில் நீர் சுத்திகரிப்பு, நிலத்தடி நீர், மழைநீர் மேலாண்மை, காற்று மாசு ஆகியவற்றை சிவில் மாணவரும் விருப்பப்பாடமாக எடுக்க முடிந்தது. நீர் வேதியியல் ஆய்வகம் மட்டும் கிடைக்காது. மறுபக்கம், சிவிலில் உள்ள கட்டமைப்புப் பகுப்பாய்வு, கான்கிரீட் வடிவமைப்பு, மண் இயக்கவியல் மூன்றும் சுற்றுச்சூழல் பட்டத்தில் இல்லை. ஒரு ஆய்வகத்தை விட்டு மூன்று பாடத்தையும் ஒரு தொழில் பதிவுக்கான வாய்ப்பையும் வாங்குவது சரியான பேரம் என்று மகளே முடிவு சொன்னார். சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, பணம் கட்டும் முன்னரே பிரிவை மாற்றிய புதிய கடிதத்தை வாங்கினார்கள். வாய்மொழி உறுதியோடு விடாமல் கடிதம் கேட்டது அப்பா. நல்ல வேளை.

கிரெடிட் கணக்கு

சிக்கல் இங்கேதான் தொடங்கியது. பட்டத்துக்கு 129 கிரெடிட் தேவை. மூன்றாண்டு டிப்ளோமாவும் ஈராண்டு அனுபவமும் இருப்பதால் பாதி கழியும் என்று முகவர் சொல்லியிருந்தார். தொழிற்கல்லூரியிலிருந்து 22 பாட விவரக் குறிப்புகளை வாங்கி அனுப்பினார்கள். பாடவேளை, தலைப்புகள், பாடநூல், மதிப்பீட்டு முறை நான்கும் ஒவ்வொன்றிலும் இருந்தன. கழிந்தது 19 கிரெடிட்: பொறியியல் வரைகலை 3, அளவையியல் 3, ஆய்வகத்தோடு கட்டுமானப் பொருள்கள் 4, கட்டுமான மேலாண்மை 3, தொழில்சார் தொடர்பு 3, புள்ளியியல் 3.

கட்டமைப்பு, மண், பாய்ம இயக்கவியல் மூன்றுக்கும் ஒரு கிரெடிட்கூட வரவில்லை. டிப்ளோமாவில் இவை வாய்பாடு கொடுத்துக் கணக்குப் போடும் முறையில் நடந்தவை. நுண்கணிதத்தின் மேல் கட்டியவை அல்ல. அங்கீகாரம் பெற்ற பட்டத்தில் கணிதமும் அடிப்படை அறிவியலும் 30 கிரெடிட்டும் பொறியியல் பாடங்கள் 45 கிரெடிட்டும் குறைந்தது இருக்க வேண்டும் என்பது ஏபெட் விதி. ஆகவே துறை இதில் தாராளம் காட்ட முடியாது. ஒரு பாடத்துக்கு 'விலக்கு' கிடைத்தது என்றும் கடிதத்தில் இருந்தது. விலக்கு வேறு, கிரெடிட் வேறு. விலக்கு கிடைத்த பாடத்தைப் படிக்க வேண்டாம்; அதன் கிரெடிட்டை வேறு பாடம் எடுத்து நிரப்ப வேண்டும்.

மீதம் 110. ஏழு பருவத்தில், பருவத்துக்கு 16 கிரெடிட் அளவில் முடிக்கலாம் என்று திட்டம் போட்டார்கள். முழுக் கட்டணம் ஒரே தொகை. 12 முதல் 18 கிரெடிட் வரை எடுத்தாலும் மாறாது.

சங்கிலி அறுந்த இடம்

ஆகஸ்டில் பருவம் தொடங்குவதற்கு நான்கு நாள் முன்புதான் மாணவி போய் இறங்கினார். சைட் வேலையை முடிந்த வரை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற எண்ணம். மறுநாள் கணினியில் கணிதத் தகுதிச் சோதனை, கணிப்பான் கிடையாது. முக்கோணவியலும் மடக்கையும் நான்கு வருடம் தொடாத கை. முதலாம் நுண்கணிதத்துக்கு வேண்டிய மதிப்பெண் வரவில்லை. நுண்கணிதத்துக்கு முந்தைய பாடத்தில் போட்டார்கள். அதன் 4 கிரெடிட் பட்டக் கணக்கில் சேராது. மறுசோதனை ஒருமுறை உண்டு. ஆனால் அதற்கான காலம் முந்தைய வாரமே முடிந்திருந்தது.

ஒரு பாடம்தானே என்று தோன்றும். சிறிய துறைகளில் பல பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பாய்ம இயக்கவியல் ஜனவரியில் மட்டும். அதற்கு மூன்றாம் நுண்கணிதம் முன்னதாக முடிந்திருக்க வேண்டும். அதன்பின் நீரியல் ஆகஸ்டில் மட்டும். அதன்பின் நீர் சுத்திகரிப்பு ஜனவரியில் மட்டும். முதலாம் நுண்கணிதம் ஆகஸ்டிலிருந்து ஜனவரிக்குத் தள்ளினால், மூன்றாம் நுண்கணிதம் இரண்டாம் ஆண்டு ஜனவரியில். பாய்ம இயக்கவியல் மூன்றாம் ஆண்டு ஜனவரியில். நீர் சுத்திகரிப்பு நான்காம் ஆண்டு ஜனவரியில். ஏழு பருவம் எட்டாகிறது. கட்டமைப்புச் சங்கிலி தப்பியது, ஏனெனில் நிலையியலுக்கு முதலாம் நுண்கணிதமும் முதலாம் இயற்பியலும் போதும். எதற்காகப் போனாரோ அந்தத் தண்ணீர்ச் சங்கிலியில்தான் அடி.

இதை முதலாண்டு ஆலோசகர் கவனிக்கவில்லை. அவர் எல்லாத் துறைக்கும் பொதுவானவர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அக்டோபரில் மாணவியே ஒரு ஏ3 தாளில் பாடங்களைக் கட்டங்களாக எழுதி, முன்பாடத்திலிருந்து அடுத்த பாடத்துக்கு அம்பு இழுத்து, ஆகஸ்ட் மட்டும் வருபவற்றைச் சிவப்பிலும் ஜனவரி மட்டும் வருபவற்றை நீலத்திலும் வட்டமிட்டபோது ஓட்டை தெரிந்தது. சைட்டில் வேலை அட்டவணை போட்ட பழக்கம் கைகொடுத்தது. தாளோடு சிவில் துறைத் தலைவரைப் போய்ப் பார்த்தார்.

பாய்ம இயக்கவியலையும் மூன்றாம் நுண்கணிதத்தையும் ஒரே பருவத்தில் எடுக்க அனுமதி கேட்டார், துறை மறுத்தது. ஒத்துக்கொண்ட வழி: இரண்டாம் நுண்கணிதத்தைக் கோடை விடுமுறையில் அருகிலுள்ள சமூகக் கல்லூரியில் படிப்பது. 15 வாரப் பாடம் 6 வாரத்தில். படிக்கும் முன்பே கிரெடிட் மாற்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், 'சி'க்குக் குறையாத மதிப்பெண் வேண்டும்; கிரெடிட் வரும், சராசரியில் சேராது. ஒரு கிரெடிட்டுக்கான விலை தனியார் பல்கலைக்கழகத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு குறைவு. அந்தக் கோடையில் அவர் ஊருக்கு வரவில்லை. அக்காவின் திருமணத்தைக் கைப்பேசியில் பார்த்தார். ஆகஸ்டில் மூன்றாம் நுண்கணிதமும் நிலையியலும் ஒன்றாகத் தொடங்க, சங்கிலி பழைய தடத்துக்கு வந்தது.

படித்த காலத்தில்

இறையியல் பாடங்களில் ஒன்று படைப்பும் சுற்றுச்சூழலும் பற்றியது. போப் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவ்தாத்தோ சி' சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீர் அடிப்படை மனித உரிமை என்று சொல்லும் 30ஆம் பத்தியை வைத்து அவர் கட்டுரை எழுதினார். சுமையாக நினைத்த 12 கிரெடிட்டில் இது ஒன்றாவது சொந்தத் துறையோடு ஒட்டியது. மற்றவை ஒட்டவில்லை, ஒட்டியாக வேண்டும் என்றும் இல்லை.

அலகுகள்தான் நாள்தோறும் இடித்தன. சிங்கப்பூரில் கியூப் 150 மி.மீ. கனசதுரம், அங்கே 6 அங்குல விட்டமும் 12 அங்குல உயரமும் உள்ள உருளை. இங்கே சி32/40 என்றால் உருளையில் 32, கியூபில் 40 மெகாபாஸ்கல். அங்கே 4,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) என்றால் உருளை வலிமை சுமார் 27.6 மெகாபாஸ்கல். ஒரு கிப், அதாவது ஆயிரம் பவுண்டு விசை, 4.448 கிலோநியூட்டன். முதல் வீட்டுப்பாடங்களில் அவர் மெட்ரிக்கில் போட்டுக் கடைசி வரியில் மாற்றி எழுதினார். இரட்டை வேலை, இரட்டைப் பிழை. மூன்றாம் பருவம் முதல் அந்த ஊர் அலகிலேயே யோசிக்கப் பழகிக்கொண்டார்.

இறுதியாண்டில், அமெரிக்காவில் பொறியாளர் உரிமத்துக்கு முதல் படியான எஃப்இ தேர்வைச் சிவில் பிரிவில் எழுதினார்: 110 கேள்வி, கணினியில். முதல் முறையிலேயே தேர்ச்சி. ஏழு பருவமும் ஒரு கோடையும் சேர்த்துப் பட்டம்.

ஊர் திரும்பிய பிறகு

வேலை கிடைத்தது வடிகால் வடிவமைப்பு செய்யும் ஆலோசனை நிறுவனம் ஒன்றில். 0.2 ஹெக்டேருக்குக் குறையாத புதிய கட்டுமானங்கள் மழை உச்சத்தில் பொதுக் கால்வாய்க்கு விடும் நீரைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற விதி 2014 முதல் இருப்பதால் தேக்கத் தொட்டிக் கணக்கு ஓயாமல் வரும். அந்தப் பகுதியில் அவருக்குத் தடுமாற்றம் இல்லை.

தடுமாறியது இரண்டு இடத்தில். சிங்கப்பூர் 2015 ஏப்ரல் முதல் முழுக்க யூரோகோடு என்ற ஐரோப்பியக் கட்டமைப்பு வடிவமைப்பு விதிநூலுக்கு மாறிவிட்டது. அவர் படித்ததோ அமெரிக்கக் கான்கிரீட் விதிநூல். தொட்டிச் சுவரின் விரிசல் அகலக் கணக்கு அடியோடு வேறு. ஆறு மாதம் மாலை நேரத்தில் உட்கார்ந்து படித்தார்.

இன்னொன்று சிறியது, ஆபத்தானது. பம்பு நிலையக் கணக்கு ஒன்றில் 2.5 எம்ஜிடி (நாளுக்கு மில்லியன் காலன்) என்று இருந்ததை, கை பழகியபடி காலனுக்கு 3.785 லிட்டர் என்று போட்டு நாளுக்குச் சுமார் 9,460 கன மீட்டர் என எழுதினார். சிங்கப்பூரில் எம்ஜிடி என்றால் இம்பீரியல் காலன், 4.546 லிட்டர். சரியான எண் 11,365. ஏறத்தாழ 1,900 கன மீட்டர் குறைவு. சரிபார்த்த பி.இ. பென்சிலால் வட்டமிட்டு, "எந்த ஊர் காலன்?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். வரைபடம் வெளியே போகுமுன் பிடிபட்டது.

மாற்றியிருக்க வேண்டியவை

வேலையைப் பருவத்துக்கு இரண்டு மாதம் முன்பே விட்டிருக்க வேண்டும். அந்தச் சம்பளத்தைக் கோடைப் பாடமும் தங்கும் செலவும் தின்றுவிட்டன. கணிதச் சோதனையை இணையத்திலேயே ஜூனில் எழுதி, தவறினால் ஜூலையில் மறுபடி எழுத வழி இருந்தது; சேர்க்கைக் கடிதத்தின் இணைப்பில் அது இருந்தும் யாரும் திறந்து பார்க்கவில்லை. கணிப்பான் இல்லாமல் முக்கோணவியல், மடக்கை, சார்புகள், பின்ன இயற்கணிதம் இவற்றில் எட்டு வாரப் பயிற்சி போதுமானதாக இருந்திருக்கும்.

அம்புத் தாளை அக்டோபரில் போட்டதற்குப் பதில் சேர்வதற்கு முன்பே போட்டிருக்கலாம். முன்பாடங்களும் எந்தப் பருவத்தில் நடக்கும் என்பதும் கையேட்டில் இருக்கின்றன. முதல் வாரத்திலேயே துறைப் பேராசிரியர் ஒருவரை ஆலோசகராகக் கேட்டுப் பெறலாம், கேட்டால் தருகிறார்கள். கிரெடிட் மதிப்பீட்டைப் பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கியிருந்தால் 'பாதி கழியும்' என்ற பேச்சு அன்றே அடிபட்டிருக்கும்.

பிரிவு மாற்றம் குறித்த ஒரு விஷயத்தை மறைக்காமல் பதிவு செய்ய வேண்டும். மாணவி மூன்றாம் ஆண்டில் இருந்தபோது அந்தச் சுற்றுச்சூழல் பட்டத்துக்கும் ஏபெட் அங்கீகாரம் வந்துவிட்டது. அவர் அதில் இருந்திருந்தால் அவருடைய பட்டமும் அதற்குள் வந்திருக்கும். முடிவுக்குச் சொன்ன இரண்டு காரணங்களில் ஒன்று இப்படிக் கரைந்தது. சிங்கப்பூரில் பதிவுப் பிரிவு இல்லை என்ற மற்றொன்று நின்றது. பதிவே வேண்டாம், நீர் சுத்திகரிப்பு ஆலையிலோ ஆய்வகத்திலோதான் வேலை என்று இருப்பவருக்கு அதே தாள்கள் வேறு விடை தரும்.

இப்போது அவர் அடிப்படைத் தேர்வுக்குத் தயாராகிறார். செய்த வேலைகளைத் தேதி, திட்டம், தன் பங்கு, மேற்பார்த்த பி.இ. என்று மாதந்தோறும் குறித்து வைக்கிறார். விட்டுப்போன நீர் வேதியியல் ஆய்வகத்துக்காகப் பகுதிநேர முதுகலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். அதன் பெயர் சுற்றுச்சூழல் பொறியியல்.